மூன்றாவது பத்தியில் ஒரு மன்னர்

அவர் எழுதும் மனுவில் முதல் பத்தி சுத்தமாக இருக்கும். மனுதாரர் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், கிராமம், வட்டம். இரண்டாவது பத்தி அதைவிடச் சுத்தம். சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, என்ன குறை, என்ன வேண்டும். ஒரு சொல் கூடுதலாக இருக்காது. மூன்றாவது பத்தியில் ரஷ்ய நாட்டு மன்னர் வந்துவிடுவார்.

"ஜார் மன்னரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழைத் தொழிலாளர்கள் மனு கொடுக்கப் போனார்கள் என்பதும், மன்னரின் படத்தையே கையில் ஏந்திப் போனார்கள் என்பதும், மனுவை வாங்க மன்னர் அரண்மனையில் இல்லை என்பதும், சிப்பாய்கள் சுட்டார்கள் என்பதும், பன்னிரண்டே வருஷத்தில் அந்த முந்நூறு வருஷத்து அரச குடும்பம் ஆட்சியை இழந்தது என்பதும் சமூகம் அறிந்ததே."

இது மாட்டுக் கொட்டகைக்குக் கீற்று மாற்ற அனுமதி கேட்கும் மனுவாக இருக்கலாம். குடும்ப அட்டையில் மருமகள் பெயரைச் சேர்க்கும் மனுவாக இருக்கலாம். மன்னர் தவறமாட்டார்.

நான் அப்போது ஒரு தினசரிக்குப் பகுதி நேர நிருபர். நாகப்பட்டினம் ரயில் பாதையில் உள்ள ஒரு தாலுகா ஊர். கழக ஆட்சி வந்திருந்தது. கீழத் தஞ்சையில் அறுவடைக்கு அறுவடை தகராறும், வயலில் போலீஸும் இருந்த காலம். செய்திக்காக வாரத்தில் நான்கு நாள் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பேன். வாசலுக்கு எதிரே புங்க மரத்தடியில் மூன்று பேர் மனு எழுதினார்கள். அவர் மூன்றாமவர். மற்ற இருவருக்கும் மேஜை உண்டு. இவர் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, மடியில் பலகை வைத்து எழுதினார். அரைக்கை வெள்ளைச் சட்டை, நூலால் கட்டிய மூக்குக் கண்ணாடி. எழுதி முடித்ததும் மனுவை முழுக்கச் சத்தமாகப் படித்துக் காட்டாமல் ஆளை விடமாட்டார். எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள், மன்னரின் சிப்பாய்கள் சுடும் இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தங்கள் சொந்தக் குறையைப் படித்தபோது துடைத்ததை நான் பார்த்ததில்லை.

"அண்ணே, இந்தம்மாவுக்கு வேண்டியது சாதிச் சான்றிதழ். இதுல ஜார் எதுக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நிருபரே, மனுவை வாங்காததால ஒரு ராஜாங்கமே போச்சு. அதை மனுவுல எழுதாம வேற எங்க எழுதுறது? உங்க பேப்பர்ல போடுவீங்களா?"

போடமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும்.

இவ்வளவுக்கும் அவரிடம் கூட்டம் குறைந்ததில்லை. அடங்கல், சிட்டா, நத்தம், புறம்போக்கு எல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தன. கிராமக் கணக்கு எழுதும் கர்ணம் தப்பாகப் போட்ட உட்பிரிவை இவர் நினைவிலிருந்தே திருத்துவார். மற்றவர்கள் எழுதிய மனு எண் தவறு என்று திரும்பி வரும். இவருடையது அப்படி வந்ததே இல்லை. ஆகவே ஜனங்கள் மன்னரைப் பொறுத்துக்கொண்டார்கள்.

பொறுத்துக்கொள்ளாதவர்கள் ஆபீஸ்காரர்கள். புது மனு வந்தால் எழுத்தர் ஒருவர் மூன்றாவது பத்தியைக் குரல் மாற்றிப் படிப்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் கட்டின் அடியில் வைத்துவிடுவார்கள். சிவப்புக் கொடிச் சங்கத்தின் ஒன்றியச் செயலாளருக்கும் அவர்மேல் எரிச்சல்தான். "எங்க கதைய எங்களுக்கே சொல்றாருங்க. அதுலயும் எங்க கட்சிய விட்டுட்டுச் சொல்றாரு" என்று என்னிடம் புகார் சொன்னார். மன்னரை இறக்கியது எந்தக் கட்சியும் அல்ல, ரொட்டிக் கடை வரிசையில் நின்று நின்று அலுத்துப்போன பெண்கள்தான் என்பது மனு எழுதுபவரின் கட்சி. இதைச் செயலாளரிடம் டீக்கடையில் வைத்து, நாலு பேர் எதிரில் சொல்லியிருக்கிறார்.

மிராசுதார்களிடமும் வாயை மூடமாட்டார். நில உச்சவரம்பு பற்றிய பேச்சு சூடுபிடித்ததும், பெரிய பண்ணைக்காரர்கள் தம்பி பேருக்கும் மைத்துனன் பேருக்கும் நிலத்தை எழுதிவைக்க ஓடினார்கள். ஒருவர் காரை நிறுத்தி, இறங்காமலே, இவரிடம் யோசனை கேட்டார்.

"ஜாரும் அதைத்தான் செஞ்சாருங்க" என்றார் இவர். "ரயில் பெட்டியில உக்காந்துக்கிட்டு ராஜ்யத்தைத் தம்பி பேருக்கு எழுதிக் குடுத்தாரு. கையெழுத்துப் பென்சில்ல. நம்ம ஆபீஸா இருந்தா செல்லாதுன்னு திருப்பி அனுப்பியிருப்பாங்க. தம்பி மறுநாளே எனக்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாரு."

"அதனால?"

"ஒண்ணுமில்லீங்க. உங்க தம்பி அப்படிச் சொல்லமாட்டாரு. தைரியமா எழுதுங்க."

கார் போய்விட்டது. நல்ல வரும்படி போயிற்றே என்று பக்கத்து மேஜைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்கு முன்பு, கழகம் ஜெயித்து ஆட்சி மாறிய அன்று ஊரில் வெடி வெடித்தார்கள். அவர் வழக்கம்போலப் பெட்டிமேல் இருந்தார். "சந்தோஷம்தானே அண்ணே?" என்றேன். "சந்தோஷம்தான். இனிமேதான் தொல்லை" என்றார். ஜாருக்குப் பின்னால் வந்தவர்கள் கெட்டவர்கள் அல்லராம். படித்தவர்கள், நன்றாகப் பேசுகிறவர்கள். நிலம் எங்கே என்று விவசாயி கேட்டபோது, சபை கூடட்டும், சட்டம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்களாம். எட்டு மாதத்தில் அவர்களும் போனார்கள். "அப்புறம்னு சொன்னவங்க யாரும் அப்புறம் இருக்கலை" என்றார். இதையும் சில மனுக்களில் நான்காவது பத்தியாகச் சேர்க்க ஆரம்பித்தார். கழகத்துக்கு ஓட்டுப் போட்டிருந்த நான் அவரோடு இரண்டு வாரம் பேசவில்லை.

சட்டம் வந்தது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம் என்றார்கள். தனித் தாசில்தார் ஒருவர் மனுக்களை வாங்கினார். புங்க மரத்தடியில் நிற்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில்தான் அஞ்சம்மாள் வந்தாள். நாற்பது வயது இருக்கும். கணவர் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. நடவு, களை, அறுப்பு எல்லாம் பண்ணையில்தான். வயல்களுக்கு நடுவே ஒரு சிறிய மேட்டுத் திடலில், மாமனார் காலத்துக் குடிசையில், தனியாக இருந்தாள்.

தனித் தாசில்தார் இளைஞர். கொடுத்ததையெல்லாம் முழுக்கப் படிக்கும் வழக்கமுள்ளவர். அஞ்சம்மாளின் மனுவில் மூன்றாவது பத்திக்கு வந்ததும் நிமிர்ந்தார். எழுதியவரைக் கூப்பிடச் சொன்னார். நானும் பின்னால் போனேன்.

"இது மிரட்டலா?" என்றார் தாசில்தார்.

"சரித்திரம் சார்."

"வெளியில நிலைமை என்னன்னு தெரியும்ல? சுட்டாங்க, ஆட்சிய இழந்தாங்கன்னு ஒரு சர்க்கார் அதிகாரிக்கு எழுதினா நான் போலீஸுக்கு அனுப்பணும். அந்தப் பத்திய அடிச்சுக் குடுங்க. இன்னிக்குத் தேதியிலேயே வாங்கிக்கிறேன்."

"அடிச்சா மனு முழுமையா இருக்காது சார்."

முக்கால் மணி நேரம் நடந்தது. மன்னர் அன்று ஊரில் இருந்தாரா, இல்லையா, இருந்திருந்தால் வாங்கியிருப்பாரா என்பது வரை போனது. வெயில் ஜன்னல் வழியே மேஜைக்கு வந்துவிட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, பேசாமல் அந்தக் காகிதத்தைப் பிடுங்கி நானே அடித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் நின்ற அஞ்சம்மாள்தான் முடித்துவைத்தாள்.

"ஐயா, அந்த ராசா மனுவ வாங்கலைன்னுதானே சொல்றீங்க. இவங்க வாங்குறேங்கிறாங்க. அப்புறம் எதுக்குச் சண்டை?"

அவர் அவளைப் பார்த்தார். பேனாவைத் திறந்து, அளவுகோல் கேட்டு வாங்கி, மூன்றாவது பத்தியின் ஒவ்வொரு வரியையும் நேர்கோட்டில் அடித்தார். ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். அளவுகோலைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பட்டா வந்தது. அஞ்சம்மாள் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். இருபது நாள் கழித்துப் பண்ணையின் காரியக்காரர் வரப்பை முள்போட்டு அடைத்தார்.

சாலையிலிருந்து திடலுக்கு இருந்த ஒரே வழி அந்த வரப்பு. மனை அவளுடையது, வரப்பு பண்ணையுடையது. காகிதப்படி எந்தத் தவறும் இல்லை. வரப்பை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடியது. அஞ்சம்மாள் இனி வீட்டுக்குப் போவதென்றால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த வாய்க்காலில் இறங்கி நடக்க வேண்டும். தொடையளவு தண்ணீர், அடியில் களிமண் சேறு. அரிசி, விறகு, குடிதண்ணீர்க் குடம் எல்லாம் தலையில். பட்டாவை யாரும் ரத்து செய்ய வேண்டியதில்லை. ஒரு மழைக்காலம் இப்படிப் போனால் அவளே மகள் வீட்டுக்குப் போய்விடுவாள், குடிசை விழும், திடல் பழையபடி பண்ணையோடு சேர்ந்துவிடும். காரியக்காரர் இதை மறைக்கக்கூட இல்லை. "அவங்க மனை அவங்களுக்கு இருக்கு. நாங்க அதுல கை வைக்கலையே" என்று என்னிடமே சொன்னார்.

வழி கேட்டு மனு போட அவள் மறுபடி மரத்தடிக்கு வந்தாள். அவர் எழுதினார். படித்துக் காட்டியபோது மன்னரைக் காணோம்.

"ராசா இல்லீங்களா?" என்றாள்.

"ராஜா இறங்கியாச்சு அம்மா. இப்ப நடக்கிறது அதுக்கு அடுத்தது" என்று, நிலத்தை அப்புறம் தருகிறோம் என்றவர்களைப் பற்றி ஒன்றரைப் பக்கம் படித்தார். நான் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன்.

கார்த்திகையில் பார்வையிட வந்தார்கள். வந்தவர் அந்த இளைஞர் அல்ல. மாற்றலில் வந்திருந்த வேறொரு அதிகாரி. நாற்பதை ஒட்டிய வயது, பளிச்சென்ற செருப்பு. நானும் மனு எழுதுபவரும் முன்பே போய்ச் சாலையில் நின்றோம். போய்ச் சேர்ந்ததுமே எனக்கு விஷயம் புரிந்தது. வரப்பின் முகப்பில் முள் இல்லை. காலையில்தான் இழுத்திருக்கிறார்கள், இழுத்த தடம் ஈரமாக இருந்தது. காரியக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"இந்தம்மா எப்பவும் எப்படி வருவாங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"வாய்க்கால்ல இறங்கி சார்" என்றார் மனு எழுதுபவர். "நீங்களும் அப்படியே வாங்க சார். அப்பத்தான் தெரியும். ரஷ்யாவுல—"

அதற்குள் அஞ்சம்மாள் திடலிலிருந்து ஓட்டமும் நடையுமாக வரப்பில் வந்துவிட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, நல்ல புடவை உடுத்தியிருந்தாள்.

"ஐயா வாங்க, வாங்க. அதுல எதுக்கு இறங்குறீங்க, செருப்பெல்லாம் போயிரும். இப்படி வரப்புல வாங்க."

மனு எழுதுபவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி வரப்பில் கால் நனையாமல் நடந்து போனார். குடிசை வாசலில் எங்கிருந்தோ இரவல் வாங்கிய நாற்காலி போட்டிருந்தது. இளநீர் வெட்டிக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, முழங்காலில் நோட்டை வைத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். "மனைக்குச் செல்ல வரப்புப் பாதை உள்ளது. மனுதாரரே அதன் வழியாக அழைத்துச் சென்றார்." ஒரு நிருபராக அந்த வாக்கியத்தில் என்னால் குறை காண முடியவில்லை.

ஜீப் கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் காரியக்காரரின் ஆட்கள் முள்ளை இழுத்துப் பழைய இடத்தில் வைத்தார்கள். நாங்கள் திடலில் நின்றுகொண்டிருந்தோம்.

அவர் ஒரு மனுதாரரைத் திட்டி நான் கேட்டது அன்று மட்டும்தான்.

"உன்னை யாரும்மா வரப்புல கூப்பிடச் சொன்னது? ராஜாவை இறக்கினாங்க. இறக்கின கையோட அடுத்து வந்தவனுக்கு நாற்காலி துடைச்சுப் போட்டாங்க. அதேதான் நீ பண்ணியிருக்க."

"வீட்டுக்கு வந்தவங்கள சேத்துல இறங்குன்னு எப்படிங்க சொல்றது?" என்றாள் அவள். அவளுக்கும் குரல் உயர்ந்துவிட்டது. "உங்களையுந்தான் சொல்லமாட்டேன்."

ஆனால் எங்களுக்கு வேறு வழி இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இருவரும் வாய்க்காலில் இறங்கினோம். அவள் முன்னால் போய், "இங்க வைங்க காலை, அங்க பள்ளம்" என்று சொல்லிக்கொண்டே சாலைவரை கொண்டுவந்து விட்டாள்.

அவர் மேல்மனு போட்டார். அது நகர்ந்து, மறுபடி பார்வையிட உத்தரவு வர சித்திரை ஆகிவிட்டது. அதே அதிகாரி வந்தார். மேட்டூர் அணையை மூடி மாதங்கள் ஆகியிருந்தன. வாய்க்காலில் ஒரு சொட்டு இல்லை. களிமண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இந்த முறை முள் வேலி தாராளமாக வைத்த இடத்திலேயே இருந்தது. அதிகாரி வாய்க்காலில் இறங்கிச் சௌகரியமாக நடந்து போய், சௌகரியமாகத் திரும்பி வந்தார்.

"ரோடு மாதிரி இருக்கேய்யா. மாட்டு வண்டியே போகும். எதுக்கு இத்தனை மனு?"

"ஐயா, இது கோடை" என்றார் அவர்.

"தெரியுது. வேர்க்குது."

அன்று மாலை புங்க மரத்தடிக்குப் போனபோது நான் நன்றாகக் கோபத்தில் இருந்தேன். அதிகாரிமேல் பாதி, இவர்மேல் பாதி. ஒன்றரைப் பக்கம் ரஷ்யாவை எழுதினவர், எந்த மாதத்தில் வந்து பார்க்க வேண்டும் என்பதை எழுதவில்லை. அதைச் சொன்னேன். சற்று உரக்கவே சொன்னேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். முதல் பத்தி வழக்கம்போல. இரண்டாவது பத்தி ஒரே வரி: "ஆற்றில் தண்ணீர் வந்து, வாய்க்கால் ஓடும்போது வந்து பார்க்க வேண்டுகிறேன்." பேனாவை மூடினார். நான் அந்தத் தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தேன். வேறொன்றும் இல்லை. அஞ்சம்மாளுக்கு அதைப் படித்துக் காட்டியபோது, "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுக் கைநாட்டு வைத்தாள்.

ஐப்பசியில் வந்தார்கள். ராத்திரி பெய்த மழையில் வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. ஜீப்பைச் சாலையில் நிறுத்தி அதே அதிகாரி இறங்கினார். வரப்பில் முள் இல்லை. போன கார்த்திகையில் செய்த வேலையை மறுபடி செய்திருந்தார்கள்.

"வாங்க சார், இப்படி வாங்க. நல்லா கெட்டியா இருக்கு" என்று காரியக்காரர் வரப்பைக் காட்டினார்.

அஞ்சம்மாள் வரப்பில் இல்லை. வாய்க்கால் நடுவில், இடுப்புக்குச் சற்றுக் கீழே தண்ணீரில், தலையில் அரிசி மூட்டையோடு நின்றாள். வேலைக்குப் போகும் பழைய புடவை. அதிகாரி அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவள் உதடு லேசாகப் பிரிந்ததை நான் பார்த்தேன். வீட்டுக்கு வருகிறவர்களை அவள் வாழ்நாளெல்லாம் அழைத்த சொல் அங்கே வந்து நின்றிருக்க வேண்டும். அவள் அதைச் சொல்லவில்லை. மூட்டையை மட்டும் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

காரியக்காரர் இரண்டாம் முறை "வாங்க சார்" என்றார். யாரும் அசையவில்லை. என் பக்கத்தில் மனு எழுதுபவர் தொண்டையைச் செருமினார். நான் அவர் முழங்கையைப் பிடித்தேன்.

"சார், ரஷ்யாவுல ஒரு—"

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அஞ்சம்மாள், அதிகாரியிடமிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் வாயை மூடினார். அதிகாரி திறந்து கிடந்த வரப்பை ஒரு முறையும், அதன் முகப்பில் முள் இழுத்த ஈரத் தடத்தை ஒரு முறையும் பார்த்தார். பிறகு குனிந்து, செருப்பைக் கழற்றி ஜீப்பின் படியில் வைத்துவிட்டு, கால்சட்டையை மடிக்க ஆரம்பித்தார்.